மூணாவது சத்தம்

பின்கதவின் கொண்டி தூக்கித்தான் கிடந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து நெல்லைநாயகம் அதை நாலைந்து தடவை பார்த்துவிட்டான். பார்க்காதவன் மாதிரிப் பார்ப்பதாக அவனுக்கு நினைப்பு. ஆனால் திருடப்போகிறவன் முழி தனியாகத் தெரியும் என்பார்களே, தன் முழியும் அப்படித் தெரிகிறதோ என்று பயம் வந்து, வேர்வையைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். கைக்குட்டையில் வார்னிஷ் வாடை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் கையிலிருந்து அது போகாது, எந்த சோப்புப் போட்டாலும் போகாது. திருடப்போகிறவன் என்று அவனாகத்தான் நினைத்தான், நினைத்த மாத்திரத்தில் அவனுக்கே சுருக்கென்றது. பெற்ற பிள்ளையை அப்பன் கூட்டிக்கொண்டு போவதற்குத் திருட்டு என்றா பெயர்? யார் வைத்த பெயர் அது? கதவுக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் வாதமரத்து நிழலில் ஐயாத்துரை ஆட்டோவை நிறுத்திக்கொண்டு படுத்திருப்பான். எதற்கு, யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. சவாரி என்று சொன்னதும் சரி என்றுவிட்டான். ஆட்டோ, ஜங்ஷன், சங்கரன்கோவில் பஸ், தங்கச்சி வீடு. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு என்று வந்ததும் புத்தி அப்படியே நின்றுவிடுகிறது, முந்தாநாள் ராத்திரியிலிருந்து அந்த இடத்திலேயேதான் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை விமானம். அது போய்விட்டால் போதும், பிள்ளையில்லாமல் அதன் அம்மா பகவதி எப்படி ஏறுவாள் என்பதுவரை ஒரு கணக்கு ஓடும். பிறகு பழையபடி ஆட்டோ, ஜங்ஷன். முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தபோது நித்திலா சாட்சிக் கூண்டில் ஏறி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எட்டு வயது. கூண்டின் மேல்கம்பி அவள் மோவாய்க்கு வருகிறது. முதல் சனிக்கிழமை வந்தபோது நெற்றிக்கு வந்தது, அன்றைக்கு அவள் கம்பிக்குக் கீழாகக் குனிந்து அவனைப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில்தான் பிள்ளை வளர்ந்தது அவனுக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு வேறெங்கும் வைத்து அவன் அவளைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுவரை, மாவட்ட அருங்காட்சியகத்தில், தாயார் தரப்பில் ஒருவர் வாசலில் இருக்க, என்று உத்தரவு. குடும்ப நீதிமன்றத்திலேயே ஒரு அறை வைத்திருக்கிறார்கள், சுவரில் முயலும் யானையும் வரைந்து. அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும், அதைப் பார்த்து இவளும் அழுதாள். அதனால்தான் வக்கீல் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினார். நல்ல இடம் ஐயா, கூட்டம் கிடையாது, ஃபேன் இருக்கு என்றார். ஊருக்கு ஒரு காலத்தில் இதுதான் கோர்ட். வெள்ளைக்காரன் கட்டினது, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு ஜன்னல். பைபாஸில் புதுக் கோர்ட் கட்டி எல்லாரும் அங்கே போன பிறகு வெகுகாலம் புறாதான் இங்கே வாய்தா வாங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் எந்தக் கலெக்டருக்கோ மனசு வந்து, ஊர்ச் சரித்திரமெல்லாம் ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று ஆற்று மணலில் எடுத்த தாழி, பழைய பாலம் கட்டினபோது பிடித்த போட்டோ, வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் நின்ற உயரத்தைக் கோடு போட்ட தூண், எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். நடுக்கூடத்தை மட்டும் கோர்ட்டாகவே விட்டுவிட்டார்கள். ஜட்ஜ் மேடை, வக்கீல் பெஞ்சு, இரண்டு பக்கமும் இரண்டு கூண்டு. வாசல் பக்கத்தில் டவாலி போட்ட கோர்ட் சேவகர் ஒருத்தர், ஜவுளிக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த பொம்மை. ரோஸ் நிறத்து முகத்தில் மையால் மீசை வரைந்திருக்கிறார்கள். சிவப்புப் பட்டையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு அது புதுமாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறது. எவன் தலையெழுத்தைக் கூப்பிட இந்தச் சிரிப்பு என்று நெல்லைநாயகத்துக்கு அதன்மேல் வாராவாரம் எரிச்சல் வரும்.

அவனுடைய கேஸ் இங்கே நடக்கவில்லை, புதுக் கோர்ட்டில்தான் நடந்தது. இருந்தாலும் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததும் காது தன் பெயருக்காக வாசல் பக்கம் திரும்பிவிடும். வாய்தா அன்றைக்கெல்லாம் விடியுமுன்னே எழுந்து குளித்துவிடுவான். வராந்தாவில் உட்காரக்கூட மாட்டான், உட்கார்ந்தால் பெயர் காதில் விழாமல் போய்விடுமோ என்று வாசல் நிலையை ஒட்டியே நிற்பான். சங்கரசுப்பு மகன் நெல்லைநாயகம் என்று முதல் சத்தம் முடியுமுன்னே உள்ளே போய் நிற்பான். ஒரு வாய்தாகூட இரண்டாம் சத்தம் வரைக்கும் விட்டது கிடையாது. இப்படி ஓடாதீங்க, தப்புப் பண்ணினவர் மாதிரி இருக்கு என்று வக்கீலே சலித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும். பகவதி கொடுத்த மனுவில் எத்தனையோ இருந்தது, மற்றதெல்லாம் வக்கீல் சேர்த்தது, அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும்தான் அவளுடைய சொந்த வாக்கியம், பத்து வருஷமாக அடுக்களையில் நின்று அவள் சொல்லிச் சொல்லி அவனுக்கே மனப்பாடம். கூப்பிட்ட நேரத்துக்கு வராத மனுசன். அந்த வாக்கியத்தைப் பொய்யாக்கத்தான் அவன் ஓடினான். ஜட்ஜம்மா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். இவன், தொழில் அப்படி என்றான். வேறு என்ன சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இப்போது தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்ல, இந்த ரோஸ் பொம்மையிடமா?

தொழில் அப்படித்தான். மோட்டார் எரிந்துபோனால் விவசாயி மனுஷனாக இருக்கமாட்டான், வெறி பிடித்துவிடும். நாயகம் வாங்க, வாழை வாடுது, நாயகம் எங்கே இருக்கிய, நாத்து காயுது என்று போனில் கத்துவான், வண்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவான். பகவதி கத்துகிறவள் இல்லை. ஒரு தடவை கூப்பிடுவாள். இரண்டாம் தடவை கூப்பிடுவதை அவள் கேவலமாக நினைத்தாள். கத்தினவர்கள் பின்னாடி எல்லாம் போனான், கத்தாதவள் பொறுத்துக்கொள்வாள் என்று வைத்துக்கொண்டான். நித்திலா பிறந்த அன்றைக்கு அவன் மானூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் இருந்தான். மேலே கிணற்றுச் சுவரில் சட்டையைக் கழற்றி வைத்திருந்தான், சட்டைப் பைக்குள் போன். அது அடித்தது அவனுக்குக் கேட்டது. இதை மட்டும் அவன் ஜட்ஜம்மாவிடம் சொல்லவில்லை, பகவதியிடம்கூடச் சொன்னது கிடையாது. கிணற்றுக்குள் வந்து விழுகிற சத்தம் சுற்றிச் சுற்றி வரும், மேலே அடிக்கிற மணி காதுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருக்கும். கேட்டது. எவனாவது தோட்டக்காரனாக இருக்கும், இந்த நட்டை முறுக்கிவிட்டு ஏறுவோம் என்று நினைத்தான். ஏறிப் பார்த்தால் பகவதி, ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியாகிவிட்டது. மச்சினன் நயினார்தான் அப்போது பக்கத்தில் இருந்தான், மீசை முளைக்காத பயல். பிள்ளையைக் கொண்டுவந்து இவன் கையில் வைத்து, அத்தான் பிடிங்க, மெல்ல என்றான். கையிலிருந்த கிரீஸ் துணியில் பட்டது. பகவதி அந்தக் கறையைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"அப்பா, மஸ்கட்ல கிணறு இருக்குமா?" கூண்டுக்குள்ளிருந்து நித்திலா கேட்டாள்.

"இருக்காதுன்னு நினைக்கேன்."

"அப்ப மோட்டார் ரிப்பேரே ஆகாதா?"

"மோட்டார் எல்லா ஊர்லயும் ரிப்பேர் ஆகும்ளா."

"அப்ப நீங்க வரலாம்லா" என்றாள், சாதாரணமாக, அடுத்த தெருவுக்கு வரச் சொல்வது மாதிரி. சொல்லிவிட்டு அவன் பதிலுக்கு நிற்காமல் கூண்டுக் கம்பியில் மோவாயை வைத்து அமுக்கிக் கோடு விழுகிறதா என்று பார்க்கப்போய்விட்டாள்.  வரலாம் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு வராமல் இருக்கலாம், அதுதானே நம் வழக்கம் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அது பகவதியின் குரல் என்று நினைத்தான். இல்லை, அவனுடையதேதான். மஸ்கட்டில் அவளுக்கு நர்ஸ் வேலை. நல்ல ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. கோர்ட் சம்மதித்துவிட்டது. தகப்பனார் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம், வருஷ லீவில் வரும்போது பார்க்கலாம். வீடியோவில் என்ன பேச? இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே இவளுக்கும் இவனுக்கும் பேச்சு அரைமணிக்குத்தான் வரும், மீதி நேரமெல்லாம் இவள் கூண்டில் ஏறுவதும் இறங்குவதும், இவன் பார்த்துக்கொண்டிருப்பதும்தான். பார்த்துக்கொண்டிருப்பதை எந்தப் போனில் செய்வது? முதல் மாதம் ஓடிவந்து பேசும். பிறகு அப்பா லைன்ல இருக்காங்க வா வா என்று யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டிவரும். பிறகு, இவனே பார்த்திருக்கிறான், பக்கத்துக் கடை லேத்துக்காரர் மகன் துபாயிலிருந்து பேசும்போது அவன் பிள்ளை போனையே பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டு நல்லாருக்கேன் நல்லாருக்கேன் என்று சொல்கிறது. அந்த லேத்துக்காரர் மகன் அதற்கும் சிரிக்கிறான். நெல்லைநாயகம் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முடியாது. என்னால் முடியாது. ஆட்டோ, ஜங்ஷன், சங்கரன்கோவில் பஸ்.

தங்கச்சி கேட்பாளே, என்னண்ணே பிள்ளையைத் தனியாகக் கூட்டிக்கிட்டு வந்திருக்கிய என்று. பார்க்கணும்னு சொன்னாள் என்பான். அவள் புருஷன் நம்பமாட்டான். நம்பாவிட்டால் போகட்டும், அவன் என்ன ஜட்ஜா. சாயங்காலத்துக்குள் பகவதி போலீசுக்குப் போவாள். போவாளா? போகமாட்டாள், ஒரு தடவை போன் பண்ணுவாள், ஒரே ஒரு தடவை. எடுக்காவிட்டால் நேரே ஸ்டேஷன். ராத்திரி பிள்ளை அம்மா எங்கே என்று அழும். அழாதே என்று எப்படிச் சொல்வது, அழுகையை நிறுத்த இவனுக்கு என்ன தெரியும், அவளுக்குச் சோற்றில் நெய் ஊற்றினால் பிடிக்குமா பிடிக்காதா என்பதுகூட இப்போது தெரியாது. தலைக்கு எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும் என்று தெரியாது. இன்றைக்கு இரண்டு பக்கமும் பின்னல் போட்டுவிட்டிருக்கிறாள் பகவதி, வகிடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. அந்த வகிட்டைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை நேராக எடுத்து அனுப்பியிருக்கிறாள், கடைசி நாள் என்று அவளுக்கும் தெரியும்.

டிக்கெட் கொடுக்கிற மரியபுஷ்பம் விளக்குமாற்றோடு உள்ளே வந்து, பின்பக்கம் முகம் கழுவப் போனீங்கன்னா கதவை முழுசாகச் சாத்தவேண்டாம் என்றாள். வாராவாரம் சொல்வதுதான். விலங்கு மாட்டின ஆட்களை ஜனம் பார்க்காமல் உள்ளே கொண்டுவருவதற்காக வைத்த கதவு அது, வெளிப்பக்கம் வெறும் பலகை, பிடியோ வளையமோ கிடையாது. சாத்தினால் உள்ளே கொண்டி தானாக விழுந்துவிடும், பிறகு உள்ளேயிருந்து யாராவது தூக்கினால்தான் உண்டு. போன மாதம் ஒரு காலேஜ்காரர் வெளியே மாட்டிக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றி வந்தாராம். நித்திலாவுக்கு அந்தக் கொண்டி எட்டும். அவன் கை கழுவிவிட்டு வரும்போதெல்லாம் அவள்தான் தூக்கிவிடுவாள், யாரு என்று பெரிய போலீஸ் மாதிரிக் கேட்டுவிட்டு. இதெல்லாம் அவன் கணக்கில் உண்டு. இன்றைக்குக் கொண்டி எட்டுகிற அவள் கை வேண்டும்.

விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததும் மரியபுஷ்பம்தான். முதல் மாதம் பிள்ளையும் அப்பனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததைச் சகிக்காமல், இந்த டவாலிக்காரர் என்ன செய்வார் தெரியுமா என்று அவளே வந்து பொம்மையைக் காட்டிக் கதை சொன்னாள். வாசலில் நின்று மூணு சத்தம் கூப்பிடுவார். வந்தால் வழக்கு நடக்கும். மூணாவது சத்தத்துக்கும் ஆள் வரலைன்னா அவ்வளவுதான், எதிராளி சொன்னதுதான் சரின்னு ஜட்ஜ் எழுதிட்டு எந்திரிச்சிருவார், எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. நித்திலா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். மறுவாரம் பள்ளிக்கூட பெல்ட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டாள். அதைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு வாசல் நிலையில் நின்று, சங்கரசுப்பு மகன் நெல்லைநாயகம் என்று அவள் நீட்டிக் கூப்பிட்டபோது அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கே இருந்தாலும் ஆஜர் என்று கத்திக்கொண்டு அவன் ஓடிவர வேண்டும். தாழிக்குப் பின்னாலிருந்து, தூணுக்குப் பின்னாலிருந்து, முதல் சத்தத்துக்கே ஓடிவருவான். நாற்பதை நெருங்குகிற ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படி ஓடுவதைப் பார்த்து மரியபுஷ்பம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நித்திலாவுக்கு அதில் ஒரு குறையுண்டு. மூணு சத்தம்வரை அவள் கூப்பிட்டதே இல்லை. ஒரு தடவை மெதுவா வாங்கப்பா என்று கேட்டிருக்கிறாள். மாட்டேன் என்றான். அப்பா முதல் சத்தத்துக்கே வந்திருவேன், அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. அவள் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருப்பாள். அவள் அம்மா பதில் சொல்லியிருக்கமாட்டாள்.

அந்த விளையாட்டுதான் இப்போது அவனுக்கு வழி. முந்தாநாள் ராத்திரி படுத்துக் கிடக்கும்போது தானாக வந்து நின்ற வழி, வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பொய் சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம். பின்கதவுக்கு வெளியே போய் நிற்க வேண்டியது, கூப்பிட்டால் பேசாமல் இருக்க வேண்டியது. மூணு சத்தத்துக்கும் வராவிட்டால் தேடிக்கொண்டு வருவாள், கூடத்தில் தேடுவாள், தாழிக்குள் எட்டிப்பார்ப்பாள், கடைசியில் கொண்டியைத் தூக்கிவிட்டு வெளியே தலையை நீட்டுவாள். அவளாக வந்தாள். நாளைக்கு எந்த ஜட்ஜ் கேட்டாலும் சொல்லலாம், நான் இழுக்கவில்லை அம்மா, என் பிள்ளை அதுவாகவே என்னைத் தேடிக்கொண்டு வந்தது. இது ஒரு பதிலா, கேட்கிறவன் காறித் துப்பமாட்டானா என்று அவனுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தத் தேடிக்கொண்டு வருகிற காட்சி, கதவு திறந்து அந்த நேர் வகிடு முதலில் வெளியே வருகிற காட்சி, அதைக் கைவிட அவனால் முடியவில்லை.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். வேப்பமரத்துச் சிமெண்டு பெஞ்சில் நயினார் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் பிள்ளையை இறக்கிவிடும்போது அவன் இவன் முகத்தைப் பார்க்காமல், அத்தான் இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா இருந்துக்கிடுங்க, அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுதேன் என்றான்.  கெட்டவனாக இருந்திருக்கலாம் இந்தப் பயல். கோர்ட் வாசலில் பகவதி தரப்பில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் அத்தான் சாப்பிட்டியளா என்று கேட்டவன். இன்றைக்கு இவன் செய்யப்போவதற்கு முதலில் அடி வாங்கப்போகிறவன் அவன்தான், காவலுக்கு உட்கார்ந்த நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அக்காக்காரி கேட்பாள். கூடுதலாக எவ்வளவு நேரம் கொடுப்பான்? அரைமணியா? அரைமணியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? போய்விட்டு வா என்று சொல்ல அரைமணி எதற்கு. சொல்லவே மாட்டேன் அதை.

"அப்பா, கடைசியா ஒரு தடவை டவாலி விளையாடுவமா?" நித்திலா பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக என்ற சொல்லை அவள் எந்த வருத்தமும் இல்லாமல்தான் சொன்னாள். விளையாடுவோம் என்றான். கண்ணை மூடிக்கொண்டு பொம்மைகிட்ட நில்லு, நான் ஒளிஞ்சுக்கிடுதேன். அவள் ரோஸ் பொம்மையின் பக்கத்தில் போய் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். மரியபுஷ்பம் முன்னறையில் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் குற்றவாளிக் கூண்டைத் தாண்டி, பின்கதவைத் தாண்டி, வெயிலுக்குள் இறங்கினான். கதவை ஒருக்களித்து வைத்தால் வெளிச்சம் உள்ளே விழும், இங்கேதான் என்று உடனே தெரிந்துவிடும், ஓடிவந்து கண்டுபிடித்துச் சிரித்துவிட்டுத் திரும்பி ஓடிவிடுவாள். தேடி வர வேண்டும் அல்லவா. பலகையின் விளிம்பைப் பிடித்துச் சாத்தினான். உள்ளே கொண்டி விழுந்தது. சந்தில் ஐயாத்துரை எழுந்து உட்கார்ந்து கிளம்பலாமா என்று கையால் கேட்டான். இரு என்று கை காட்டினான்.

"சங்கரசுப்பு மகன் நெல்லைநாயகம்..."

பலகைக்கு அப்பாலிருந்து வருகிறது, உயரமான கூரையில் முட்டி. நாக்கு தானாக எழும்பியது. எத்தனை வாய்தா, எத்தனை சனிக்கிழமை, உடம்புக்கே பழகிவிட்டது, கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். உள்ளே அவள் சிரித்தாள். அப்பா இன்றைக்குத்தான் ஒழுங்காக விளையாடுகிறார் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவனுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. இப்போதே கதவைத் தட்டிவிடலாம். ஆஜர் என்று சொல்லி உள்ளே போய், அந்த அரைமணியை வாங்கிக்கொண்டு, மஸ்கட்டில் மோட்டார் ரிப்பேர் ஆனால் நான் வருவேன் என்று ஒரு பொய்யையாவது நல்லபடியாகச் சொல்லலாம். தட்டு, தட்டிவிடு. செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது, லேத்துக்காரர் பேரன் டிவியைப் பார்த்துக்கொண்டு நல்லாருக்கேன் என்றது.

"சங்கரசுப்பு மகன் நெல்லைநாயகம்..."

இரண்டாம் சத்தம். இதுவரை அவன் கேட்டிராத சத்தம். இதில் சிரிப்பு இல்லை, நீட்டலும் குறைந்துவிட்டது. பெயரின் கடைசியில் ஒரு சின்னக் கேள்வி தொங்கியது. கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது அவனுக்கு, மேலே எங்கேயோ மணி அடிக்கிறது, கையில் ஸ்பேனர் இருக்கிறது, இந்த ஒரு நட்டு, இந்த ஒரே ஒரு நட்டு. கொஞ்சம் பொறு தாயி. இன்னும் ஒரு தடவைதான், பிறகு நீ வந்துவிடுவாய், பிறகு எந்த நாளும் உன்னை இரண்டாம் தடவை கூப்பிட வைக்கமாட்டேன், ஒண்ணுக்கும் கூப்பிட வைக்கமாட்டேன். பலகையில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டான். வெயிலில் காய்ந்த பழைய மரம் சுட்டது. உள்ளே நடமாட்டம் இல்லை. அவள் காத்திருக்கிறாள், நிலையை விட்டு நகரக்கூடாது என்பது டவாலிக்கு விதி.

மூணாவது தடவை அவள் பெயரைச் சொல்லவில்லை.

"அப்பா" என்றாள்.

கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற சத்தம்தான்.  வந்துவிட்டாள், இதோ வந்துவிடுவாள் என்று கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டான். காலடி கேட்டது. கூடத்துத் தரையில் சின்னச் செருப்பு, பட்பட்டென்று. கேட்டுக்கொண்டே இருந்தான். அது தேய்ந்துகொண்டே போனது. அந்தப் பக்கமல்ல பிள்ளை, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் வா. முன்வாசல் படியில் செருப்பு இறங்கியது. பிறகு அவள் குரல், வெளியிலிருந்து, கட்டடத்தைச் சுற்றி மெலிந்து வந்தது. மாமா, அப்பா வரலை. மூணு சத்தமும் கூப்பிட்டாச்சு.

இப்போதாவது அவன் கத்தியிருக்கலாம். கத்த வாயைத் திறந்தபோது கூடத்துக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. நயினார். அத்தான், அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறான். ஆட்டோவைப் பார்த்துவிடுவானே என்ற பயம் முதலில் வந்தது. கேடு கெட்ட பயம், அதுதான் எதிலும் முதலில் வருகிறது. சுவரோடு ஒட்டிக்கொண்டான், ஐயாத்துரையைப் பார்த்துச் சத்தம் போடாதே என்று வாயில் விரல் வைத்தான். சட்டைப் பையில் போன் நடுங்கியது. நயினார் என்று எழுத்து. மணி வெளியே கேட்டுவிடக்கூடாதே என்று பையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தான், அது உள்ளங்கைக்குள் துடித்துத் துடித்து அடங்கியது. பூட்ஸ் கொஞ்ச நேரம் நின்றது. யாரிடமோ பேசினான், என்ன என்று தெரியவில்லை. திரும்பிப் போனது. அப்புறம் வாசலில் ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம். ஒரு உதை, இரண்டு உதை, பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவன் கதவில் விழுந்தான். பிடிக்க ஒன்றுமில்லாத பலகை. நகத்தால் விளிம்பைப் பிடித்து இழுத்தான், தோளால் முட்டினான், ஆஜர் என்றான். ஆஜர், ஆஜர் என்று கையால் அறைந்தான். வந்திட்டேன் பாரு, இங்கதான் இருக்கேன், ஆஜர். ஸ்கூட்டர் சத்தம் ரோட்டில் ஏறி மற்ற வண்டிச் சத்தத்தோடு கலந்துவிட்டது. ஐயாத்துரை ஆட்டோவை விட்டு இறங்கி வந்து இந்த ஆளுக்கு என்ன பிடித்தது என்று பார்த்தான். பகவதி இருக்கிற தெருவுக்குப் போகக்கூடாது, வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று உத்தரவு உண்டு, போய் நின்றாலும் என்ன சொல்ல. தேடிப் பிடித்துப் போய், நான் அங்கேதான் இருந்தேன், நீ கூப்பிட்டது மூணும் கேட்டது, உன்னைத் திருடுவதற்காகப் பேசாமல் இருந்தேன் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. சொல்லாவிட்டால் அது வேறு விதமாகத்தானே வைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்டாயிற்று. இனிமேல் பகவதி ஒன்றும் சொல்ல வேண்டாம், அடுக்களையில் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தை அவள் ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை கண்ணால் கண்டுவிட்டது.

உள்ளே கொண்டி தூக்கப்பட்டது. மரியபுஷ்பம். ஒரு கையில் விளக்குமாறு, மறுகையில் நித்திலாவின் பள்ளிக்கூட பெல்ட்.

"இங்கயா நிக்கிய?" என்றாள். "அந்தத் தம்பி தேடிட்டு, அத்தானுக்குத் தாங்கல போல, சொல்லாமப் போயிட்டாவன்னு கண்ணத் தொடச்சுட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. பிள்ளை இத என் கையில கழத்திக் குடுத்துச்சு. அப்பா வந்தாங்கன்னா, நான் மூணு தடவையும் கூப்பிட்டேன்னு சொல்லிருங்கன்னுச்சு."

அவன் பெல்ட்டை வாங்கிக்கொண்டான். கொக்கியில் இன்னும் சூடு இருந்தது, வெயில் சூடோ என்னவோ. பின்னால் ஐயாத்துரை, சவாரி உண்டா இல்லையா அண்ணாச்சி என்று கேட்டான்.

"ஒங்களுக்குக் கேக்கவே இல்லியா?" என்றாள் மரியபுஷ்பம்.

"கேட்டுது" என்றான் நெல்லைநாயகம்.